கம்பி வளைந்த ஆறு சைக்கிள்கள்

சைக்கிள் கடையில் நின்றவனுக்குத்தான் தெரியும், வாங்க வருகிறவர்களைவிட மணியை அடித்துப் பார்க்க வருகிறவர்களே அதிகம் என்று. கடையில் நின்று கால் வீங்கிய அன்பர்களே, நானும் உங்கள் சாதிதான். மட்டக்களப்பில் வாவிக்கரையோரக் கடையொன்றில் அந்த மணிச்சத்தத்துக்கு நடுவே நாலு வருஷம் நின்றவன்.

புதுப் பாணி

கொழும்பிலிருந்து ஆறு சைக்கிள்கள் எடுப்பிக்கும் பொறுப்பை முதலாளி என்னிடம் கொடுத்தார். கடையில் இங்கிலீசு வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நானே சொல்லி வைத்திருந்தேன். படப் புத்தகத்தில் ஒரு சைக்கிளில், இருக்கைக்கும் கைபிடிக்கும் நடுவே போகும் முன்கம்பி அழகாக வளைந்து கீழே இறங்கியிருந்தது. பின்சில்லுக்கு மேலே மெல்லிய வலையும் பின்னியிருந்தது. புதுப் பாணி என்று நினைத்து அதன் இலக்கத்தை எழுதி அனுப்பிவிட்டேன். படத்துக்குக் கீழே இருந்ததை வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் விளங்கியிருக்குமா என்பது வேறு விஷயம்.

பெட்டிகளை உடைத்த அன்று, வெள்ளைக்காரத் துரை வீட்டுச் சாரதி ஒருவன் எட்டிப் பார்த்து, "இது எங்கட துரைசானி அம்மா ஓடுறதெல்லோ!" என்றான். வந்திருந்தது பெண்களுக்கென்று செய்த சைக்கிள். எங்கள் பக்கத்தில் அப்போது சைக்கிள் ஓடும் பெண் ஒருத்தியும் கிடையாது. எனக்கோ ஆவணியில் கல்யாணம். 'கடையில் நிற்கிற பொடியன்' என்பதற்காகத்தான் பெண் வீட்டார் சம்மதித்திருந்தார்கள். கடை போனால் பெண்ணும் போவாள். முதலாளி சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சத்தம் போடாமலே சொன்னார்:

"மனே, ஆவணிக்குள்ள இந்த ஆறும் போகணும். இல்லாட்டி நீ போகணும்."

கச்சேரிக் கிளாக்கர்

முதலில் அகப்பட்டவர் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு கிளாக்கர். மடிப்புக் கலையாத காற்சட்டை. ஏறி ஒரு சுற்று ஓடினார், முகம் மலர்ந்தது. "கம்பி ஏன் வளைஞ்சிருக்கு?" என்று கேட்டார். விற்கிற நேரத்தில் பொய் வராத வாய் எனக்கு. சொல்லிவிட்டேன். தேள் கொட்டியவர்போலக் குதித்து இறங்கி, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இதில நான் ஏறினத ஆருக்கும் சொல்லப்படாது."

பள்ளிக்கூட முற்றத்தில்

பெண்களுக்கென்று செய்ததைப் பெண்களிடமே விற்றால் என்ன என்று ஒரு ஞானம் பிறந்தது. நாவற்குடாவிலிருந்து தினமும் நடந்துவரும் ஆசிரியை ஒருவரிடம், பள்ளிக்கூடத்துக்கே உருட்டிக்கொண்டு போனேன். சேலையோடு எப்படி ஏறுவது என்று காட்ட, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு மூன்று தரம் முற்றத்தைச் சுற்றினேன். அத்தனை யன்னலிலும் பிள்ளைகள். சிரிப்பு அடங்கப் பாதிப் பாடநேரம் போயிற்று. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. கைபிடியை ஒரு தரம் ஆசையாகத் தடவிப் பார்த்தார். எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"ஏற எனக்குப் பயமில்ல. இறங்கின பிறகு ஊர் கதைக்கிறதுக்குத்தான் பயம்."

காத்தான்குடிக் காக்கா

ஆடியும் முடியப்போகிறது. ஒன்றும் விற்கவில்லை. ஒருநாள் காலை, அண்ணன் முறையில் நாங்கள் 'காக்கா' என்று கூப்பிடும் காத்தான்குடித் துணி வியாபாரி ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே வைத்திருந்த சைக்கிளின் சங்கிலியில், கைலி போலச் சுற்றி உடுக்கும் சாரன் மாட்டி, நடுத்தெருவில் விழுந்தவர். கால் தூக்கிப் போட வேண்டாத கம்பியையும், சாரனைச் சில்லுக்குள் விடாத வலையையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, இதச் செஞ்சவன் கட்டாயம் சாரன் உடுக்கிறவனாத்தான் இருப்பான்" என்றார்.

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம். அவர் காசெடுக்க மடியை அவிழ்க்கும் நேரம் பார்த்து, "காக்கா, இது பொம்புளையளுக்குச் செஞ்சது" என்று உளறினேன். உளறியதும் என் கல்யாணப் பந்தல் சரிகிற மாதிரி இருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சங்கிலி என்ட சாரனக் கடிக்கக்குள்ள, நான் ஆம்புளயா பொம்புளயா எண்டு கேட்டுட்டா கடிச்ச?"

காசை எண்ணி வைத்துவிட்டு அதிலேயே ஏறிப் போனார். மறுகிழமைக்குள் அவருடைய ஊரிலிருந்து சாரன் உடுத்த நாலு பேர் வந்து, "காக்காட சைக்கிள்" என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஆறாவது

மிஞ்சிய ஒன்றை முதலாளி என் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். வேலையும் தப்பியது, பெண்ணும் கிடைத்தாள். நாலாம் நாள் பின்னேரம் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போக, சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தினேன். சீமையில் பெண்களுக்கென்றே செய்தது என்று பெருமையாகவும் சொன்னேன். அவள் அதை இரண்டு தரம் சுற்றி வந்தாள். பின்னால் கரியர் இல்லை. எங்கள் ஊரில் புருஷன் ஓட்ட, பெண்சாதி ஒருபக்கமாகச் சாய்ந்து இருந்து போவது முன்கம்பியில்தான். அந்தக் கம்பிதான் இதில் வளைந்து கீழே இறங்கிவிட்டதே.

"இதில நான் எங்க மச்சான் இருக்கிற? உங்கட கடையில பொம்புளையளுக்கு ஏத்த சைக்கிள் ஒண்டும் இல்லையா?"

பெண்கள் சைக்கிளை ஐந்து ஆண்களுக்கு விற்றுப் பெயரெடுத்த நான், கட்டிய பெண்ணை ஏற்ற வழியில்லாமல், அதைக் கோயில் வரைக்கும் உருட்டிக்கொண்டே அவளுக்குப் பக்கத்தில் நடந்தேன்.