டீசலுக்குள் ஒரு வேப்பிலை

போன சனிக்கிழமை காலை பாயா ரும்புட்டில் ஒரு பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். மெக்கானிக் லீலா, நான்கு காலித் தண்ணீர் பாட்டில்களை ஒரு எஞ்சின் மேல் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மெல்லிய குழாய். எனக்கு ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம் வந்துவிட்டது. ஒரே வித்தியாசம் - இங்கே நோயாளியிடமிருந்து பாட்டிலுக்குச் சொட்டுகிறது.

நோயாளி யார்? என் மனைவியின் அண்ணன் சேகருடைய பழைய டீசல் பிக்கப். பதினாறு வயது.

சேகர் மச்சான் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் ஷிப்ட் பார்த்தவர். அதை உதறிவிட்டுப் பூச்செடி விற்கிறார். ஆயர் குரோ வீடுகளுக்கு ரோஜாவும் செம்பருத்தியும் இந்த வண்டியில்தான் போகும். சமதளத்தில் சமத்தாக ஓடும் வண்டி, சில வாரங்களாக மேம்பாலம் ஏறும்போது மட்டும் திக்குகிறது, திணறுகிறது... பாதி ஏற்றத்தில் மூச்சை விட்டுவிடுகிறது.

வேறொரு பட்டறையில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். டீசல் பிரஷர் கம்மி. அதனால் நாலு இன்ஜெக்டரையும் மாற்று என்றார்கள். அந்தச் செலவு மச்சானால் முடியாது. திங்கட்கிழமை வண்டியை எடுத்துப் போகப் பழைய இரும்புக்காரர் வருகிறார். பழைய தொழிற்சாலையின் வேலை விண்ணப்பம் மச்சானின் சட்டைப் பையில் மடித்து இருந்தது. "கடைசியா ஒரே ஒரு இடம்" என்று நான்தான் இங்கே இழுத்து வந்தேன்.

இன்ஜெக்டர் என்றால் என்ன தெரியுமா? அன்று காலை வரை எனக்கும் தெரியாது. பேனா அளவு இரும்பு. நுனியில் கண்ணுக்கே தெரியாத துளைகள். டீசல் அதன் வழியே பனியாகப் பொழிகிறது - நிமிடத்துக்குப் பல நூறு தடவை. இவ்வளவு முரட்டு வண்டியின் அடிவயிற்றில் இவ்வளவு மென்மையா!

மச்சானுக்கு மென்மையெல்லாம் ரசிக்கிற மனநிலை இல்லை.

"கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. நீ பாட்டில் கட்டி என்னாம்மா பண்ணப் போற?"

"கம்ப்யூட்டர் பிரஷர் கம்மின்னுதாண்ணே சொல்லுது. ஏன் கம்மின்னு சொல்லலியே. அதை நாமதான் கேக்கணும்."

இன்ஜெக்டர் தனக்கு மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்புமாம். தேய்ந்துபோனது நிறையத் திருப்பும். எந்தப் பாட்டில் சீக்கிரம் நிறைகிறதோ அதுதான் குற்றவாளி. எஞ்சின் உறுமியது. மூன்று பேரும் குனிந்து பாட்டில்களையே பார்த்தோம். பரீட்சை ரிசல்ட் பார்க்கக்கூட நான் இப்படிக் குனிந்ததில்லை.

நான்கும் ஒரே மட்டம்.

"இன்ஜெக்டர் நல்லாத்தான் இருக்கு லா."

"அப்புறம் என்னா வியாதி?"

லீலா டிரைவர் சீட்டில் ஏறினார். மீட்டர் கண்ணாடியில் வரிசையாக நான்கு சந்தனப் பொட்டுகள், நடுவில் குங்குமம். போன மாத ஆயுத பூஜைக்கு வைத்தது, காய்ந்து ஓடாகிவிட்டது. கடைசிப் பொட்டை நகத்தால் சுரண்டினார். அதன் அடியில் ஒரு மஞ்சள் விளக்கு... எரிந்துகொண்டிருந்தது!

"யாருண்ணே இங்க பொட்டு வெச்சது?"

"நான்தான். ஏன், சாமி காரியம்தானே?"

"ஃபில்டர்ல தண்ணி இருக்குன்னு சொல்ற லைட்டுண்ணே இது. ஒரு மாசமா கத்திக்கிட்டு இருக்கு. நீங்க அது வாயில சந்தனத்தை அப்பி வெச்சிருக்கீங்க."

ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தார். சற்று நேரத்தில் மேலே டீசல், கீழே தண்ணீர் - கோடு கிழித்த மாதிரி பிரிந்தது.

மச்சானுக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்த எண்ணெய் ஸ்டேஷன்காரன்தான்! தண்ணியைக் கலந்து விக்கிறான். இப்பவே போறேன் பாரு!"

"இருங்கண்ணே. டேங்க்கையும் பாத்துருவோம்."

லீலா வண்டிக்கு அடியில் ஒரு பேசினோடு படுத்து டேங்க் திருகைக் கழற்றினார். முதலில் தண்ணீர் வந்தது. பிறகு டீசல். பிறகு, வழுக்கிக்கொண்டு, பேசினுக்குள் வந்து விழுந்தது ஓர் இலை. இன்னொன்று.

வேப்பிலை.

"எந்த ஸ்டேஷன்ல வேப்பிலை போட்டு எண்ணெய் விக்கிறாங்க?" என்றார் லீலா, படுத்தபடியே.

அந்த இலையை எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜை அன்று கோயில் வாசலில் பூசாரி இந்த வண்டியைச் சுற்றி வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மச்சான் கதவு, பானெட் எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தார். மிச்சத் தீர்த்தம் சொம்போடு என் கையில். நான் யோசித்தேன்: விளக்குகள் கண். பானெட்டுக்குள் நெஞ்சு. எல்லாவற்றுக்கும் தீர்த்தம் கிடைத்துவிட்டது. பாவம், வாய்க்கு மட்டும் இல்லையே? டீசல் ஊற்றும் பக்கவாட்டு மூடியைத் திருகி, ஒரு மடக்கு ஊற்றினேன்.

ஒரு மடக்கு என்பது பொய். சொம்பு காலி.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் மச்சான் ஸ்டேஷனுக்குச் சண்டைக்குப் போகத் தயாராக நின்றார். சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே விரித்தார். "கையெழுத்துப் போட்டுட்டேன், மாப்ள. நீ ஊத்துன ஒரு சொம்புத் தண்ணிக்கு நான் மறுபடியும் யூனிபார்ம் மாட்டிக்கிட்டு ஷிப்டுக்குப் போயிருப்பேன்."



"ரெண்டு பேரும் சேந்து செஞ்ச வேலைண்ணே" என்றார் லீலா. "ஒருத்தர் தண்ணி ஊத்துனாரு, ஒருத்தர் லைட்டை மறைச்சாரு. இலை குழாயை அடைச்சிருச்சு. மேல ஏறுறப்ப வண்டிக்கு டீசல் நெறைய வேணும், கிடைக்கல. அவ்வளவுதான்."

டேங்க்கைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, மத்தியானம் ஆயர் குரோ மேம்பாலத்தில் ஏறினோம். மச்சான்தான் ஓட்டினார்.  பாதி ஏற்றம்... முக்கால்... திக்கவில்லை. உச்சியில் அவர் பையிலிருந்த காகிதத்தை எடுத்து என் மடியில் போட்டார்.

"கிழிச்சுப் போடு. அடுத்த வருஷம் சொம்பு என் கையில."

ஒன்று மட்டும் சொல்கிறேன், என்னைப் போல எழுதுகிற கிறுக்கு உங்களுக்கும் இருந்தால் - உவமையைக் காகிதத்தில் ஊற்றுங்கள். டேங்க்கில் வேண்டாம்!