படிக்கட்டில் ஆடிய இடது கால்

நேற்று மைக்கை ஆன் செய்துவிட்டேன்!

ஞாயிறுதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு, பழைய பாட்டு நடனப் படங்களைப் பற்றி ஆன்லைனில் ஒரு கலந்துரையாடல் நடக்கிறது. ஒன்பது வாரமாகக் கேட்கிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. (கேமராவும் ஆஃப். நைட்டியில் இருப்பேன் என்பது வேறு விஷயம்!)

அந்த ஒன்றரை மணி நேரம் நான் ஆம்பூரிலேயே இருப்பதில்லை. அங்கே நிலா வெளிச்சத்தில் ஆடுகிறார்கள். மாடியிலிருந்து பாடிக்கொண்டே இறங்குகிறார்கள். யாருக்கும் இட்லிக்கு ஊறப்போட வேண்டியதில்லை!

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தாலும் என் கால் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த வாரம் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று நடத்துகிற மாலினி மேடம் சொல்லிவிட்டார். பேச எடுத்தது ஒரு கறுப்பு வெள்ளை வெளிநாட்டுப் படம். கதாநாயகி நீளமான படிக்கட்டில் ஆடிக்கொண்டே இறங்குவார்.

நான்கு முறை பார்த்தேன். நான்கு முறையும் அவர் காலைத்தான் பார்த்தேன்!

பதினோரு வருடமாக ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கிற வேலை. இடதும் வலதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் பெட்டியில் போடுவோம். அந்தக் கண் சினிமாவிலும் சும்மா இருக்காது.

"இன்னாது, ஷூவ பத்தியா பேசப் போற? படிச்சவங்க இருக்கிற எடம். சிரிச்சிடப் போறாங்க," என்றார் வீட்டுக்காரர்.

எனக்கும் அந்தப் பயம்தான். சிரித்துவிட்டால் அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு உள்ளே போவது? வாரத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே இடம் அது.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர், "அவங்க ஆடல, மிதக்கிறாங்க" என்று முடித்தார். எல்லோரும் ஹார்ட் அனுப்பினார்கள்.

அடுத்து என் பெயர். மைக்கை ஆன் செய்தேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஷூ கம்பெனில ஜோடி சேக்குறவ. அவங்க மிதக்கல. கால கிட்டத்துல காட்டுவாங்க பாருங்க, அங்க அந்த எடது ஷூவ பாருங்க. வெரல் மடங்குற எடத்துல ஆழமா மடிப்பு வுழுந்திருக்கு. வலதுல அவ்ளோ இல்ல. எடது கால்ல எழும்பித் திரும்பி, எழும்பித் திரும்பி, ரொம்ப நாளு பழகியிருக்காங்க. ஒரு நாள் ஷூட்டிங்ல அந்த மடிப்பு வுழாது சார்."

ஒரு ஹார்ட்கூட வரவில்லை. போச்சு என்று நினைத்தேன்.

மாலினி மேடம் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினார். இந்த முறை எல்லோருமே காலைப் பார்த்தோம். இடது கால் எழும்பியது, திரும்பியது. மடிப்பு தெரிந்தது. அழகு குறையவே இல்லை, கூடித்தான் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"முப்பது வருஷமா இந்தப் படத்தப் பாக்குறேம்மா. இது என் கண்ணுல படல," என்றார் பேராசிரியர். அப்புறம் சிரித்துக்கொண்டே, "இந்த ஷூ உங்க கைக்கு வந்தா பாஸ் பண்ணுவீங்களா?"

"எப்படி சார்? ஜோடி சேரலியே. ரிஜெக்ட்டுதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். (வீட்டுக்காரர் சொன்ன சிரிப்பு இல்லை, இது வேறு!)

"ஆனா பெட்டியிலயும் போட மாட்டேன், திருப்பியும் அனுப்ப மாட்டேன் சார். என் டேபிள் மேல, கண்ணுக்கு எதிர்ல வெச்சுக்குவேன்."