பிடிபடாத கணுக்கால்

சடுகுடுவில் பாடிப் போகிறவனைத்தான் ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். நான் பிடிக்கிறவன். கோட்டுக்குப் பின்னால் குனிந்து நின்று, மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு வருகிறவன் எங்களில் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்குள் பாய்ந்து, அவன் கணுக்காலைப் பற்றி, பாட்டு அறும்வரை மண்ணோடு அழுத்தி வைத்திருப்பது என் வேலை. என் இருபதுகளும் முப்பதுகளில் பாதியும் அப்படிப் போயின. ஊருக்கு ஊர் கூலிக்குப் பிடித்தேன். காரிமங்கலம் சந்தைமேட்டில் பிடித்திருக்கிறேன், பொம்மிடியில் ரயில் பாதை ஓரத்துப் பொட்டலில் பிடித்திருக்கிறேன், தண்ணீர் வற்றிய ஏரிகளின் வயிற்றுக்குள் பிடித்திருக்கிறேன். உட்கார முடியாத ஒரு மனுஷனுக்கு அதைவிட நல்ல பிழைப்பு கிடைக்காது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் ஏறக்குறைய அப்படித்தான்.

பிழைப்பு என்று சொன்னாலும் என் தொழில் ஈயம் பூசுவது. தர்மபுரி கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. பண்டிகை வருகிறது என்றால் கிராமங்களிலிருந்து ஆள் வரும், ஊர்ப் பொது அண்டாக்களுக்கு ஈயம் பூச. துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். பூசுவதற்கு முன் பாத்திரத்தைத் தேய்க்க வேண்டும். அண்டாவுக்குள் மணலைப் போட்டு, சாக்குத் துண்டை வைத்து, அதன்மேல் ஏறி நின்று இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காலால் தேய்ப்போம். அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில் நான் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த அன்றுதான், அந்த ஊர்ச் சடுகுடு அணியில் ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

“பாய், அண்டாவுக்குள்ள இந்த ஆட்டம் ஆடுறீங்களே, கோட்டுக்குள்ள வந்து ஒரு ஆட்டம் ஆடக்கூடாதா?” என்றார் ஊர்ப் பெரியவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சாம்பலைக் கையில் தேய்த்துக்கொண்டு இறங்கினேன். அந்தச் சாயங்காலம் பாடி வந்தவர்களில் பாதிப் பேர் என் கையில் மூச்சை விட்டார்கள்.

பிடிக்கிறவன் கண்ணைப் பார்க்கக் கூடாது. கண் பொய் சொல்லும். கையைப் பார்க்கக் கூடாது. கை அதைவிடப் பெரிய பொய். விலா எலும்புக்குக் கீழே, வயிறு உள்வாங்குகிற இடத்தைப் பார்க்க வேண்டும். துருத்தி காலியாவதற்கு முன் அதன் தோலில் ஒரு சின்ன நடுக்கம் வரும். எனக்கு அது கைப்பழக்கம். அதே நடுக்கத்தை மனிதர்களின் வயிற்றிலும் பார்த்தேன். அது தெரிந்த கணத்தில் பாய்ந்தால் கால் தானாக வந்து கைக்குள் விழுகிற மாதிரி இருக்கும். பிறகு பிடியை விடக் கூடாது, அவ்வளவுதான். உதைப்பார்கள், பிறாண்டுவார்கள், நடுக்கோட்டைப் பார்த்து நம்மையும் சேர்த்து இழுப்பார்கள். உள்ளங்கைக்குள் அவர்கள் நரம்பு துடிக்கும். இன்னொருவனுடைய உயிர் இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு கோபமாக, வேறு எங்கும் என் கைக்குக் கிடைத்ததில்லை.

வீட்டில் இதற்கு மரியாதை கிடையாது. “அண்டா நசுங்குனா நீங்க தட்டி எடுத்துடுவீங்க. உங்க காலு நசுங்குனா யாரு தட்டி எடுக்கறது?” என்பாள் என் மனைவி. கேழ்வரகு மூட்டையும் புதுத் துண்டுமாக நான் திரும்பி வரும்போது மட்டும் எதுவும் சொல்லமாட்டாள்.

கூலிக்குப் பிடிக்கிறவனுக்கு அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு. அம்மனுக்குக் காப்புக் கட்டிய பிறகு, நீ முதலில் எந்த ஊர் அடுப்புக் களியைத் தின்கிறாயோ, பண்டிகை முடியும்வரை நீ அந்த ஊர் ஆள். அவர்களுக்கு எதிராக நிற்கக் கூடாது. அதனால் கூப்பிட்ட ஊர்க்காரர்கள் நாம் போய் இறங்கியதுமே தட்டை நீட்டிவிடுவார்கள். வழியில் யார் கூப்பிட்டாலும் நாம் பசியோடு தாண்டிப் போவோம். எனக்கு இந்த வழக்கம் பிடித்திருந்தது. ஒரு உருண்டைக் களியில் ஒரு ஊரே எனக்குச் சொந்தமாகிவிடும். பண்டிகை முடிந்தால் கை கழுவிக்கொண்டு அடுத்த ஊர்.

வத்தல்மலையிலிருந்து ஒருவன் வருவான். என் வயதுதான். பெரிய உடம்பு இல்லை, பாட்டும் சத்தமாக இருக்காது. பொந்துக்குள் தேனீ இரைகிற மாதிரி அடித்தொண்டையில் ஓடும். சுமையோடு மலை ஏறி இறங்கிப் பழகிய நெஞ்சு. அந்த வயிற்றில் நான் நடுக்கத்தைப் பார்த்ததே இல்லை. முதல்முறை காரிமங்கலத்தில் அவன் காலைப் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் நினைத்தேன். விரல்கள் மூடுவதற்குள் அந்தக் கால் ஏதோ ஒரு திருப்புத் திரும்பியது. நான் வெறும் மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், முழங்கால் எனக்குள் வேறு திசையில் போயிருந்தது. நடுக்கோட்டைத் தாண்டி நின்று அவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: “ஈயம் பூசற கை, சுடுதுங்க பாய். கொஞ்சம் ஆற வெச்சுப் புடிங்க.”

அதற்குப் பிறகு பார்த்த இடத்திலெல்லாம் அதே கதை. எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. ஆனால் ஈயம் பூசும்போது, நடக்கும்போது, தொழுதுவிட்டு எழும்போதுகூட, என் கை அந்தக் கணுக்காலின் அளவுக்கு வளைந்து நிற்பதைக் கவனித்திருக்கிறேன்.

பிறகு யுத்தம் வந்தது. எங்கள் ஊர்ச் சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மலேயா ஜப்பான்காரன் கையில் விழுந்தது, அங்கிருந்து வந்த வெள்ளீயம் கண்ணில் படாமல் போயிற்று. துருத்தி மூலையில் கிடந்தது. அதோடு கூடவே முழங்காலும் போய்க்கொண்டிருந்தது. மழைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லும், படி இறங்கினால் பல்லைக் கடிக்க வைக்கும். கூப்பிடுகிற ஊர்கள் குறைந்தன. ஒரு ஆடியில், வத்தல்மலை அடிவாரத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. அம்மன் பண்டிகைக்கு மலைக்காரர்களோடு ஆட்டம். “அவன ஒரே ஒரு தடவ நீங்க புடிச்சாப் போதும் பாய். மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.” எனக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவனை ஒரு தரம் பிடித்துவிட்டால் நிறுத்திவிடலாம். பிடிக்காமல் நிறுத்தினால் இந்தக் கை வளைந்தே இருந்துவிடும்.

இருட்டு விலகும்போதே கிளம்பி நடந்தேன். மலை தெரிகிற தூரம் வந்தபோது முழங்கால் வீங்கிவிட்டது. பாதையை விட்டு, தூரம் குறையட்டும் என்று மலைச்சரிவின் ஓரமாகக் குறுக்கே இறங்கினேன். அங்கே சாமைக் கொல்லையில் ஒரு பெண் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எங்க பாய், இந்தக் கால இழுத்துக்கிட்டு?”

“கீழே ஆட்டத்துக்குப் போறேம்மா.”

“இந்தக் காலோட ஆட்டம் பாக்க வேற போவணுமா? உக்காருங்க மொதல்ல.”

பார்க்க அல்ல, பிடிக்க என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னால் அவள் சிரித்திருப்பாள். மரக்கிளையில் கட்டியிருந்த சட்டியை இறக்கினாள். களியும் புளிச்சக்கீரைக் கடைசலும். கொல்லை அடிவாரத்தில் இருக்கிறது, ஆகவே அடிவாரத்து ஊர்க்காரிதான், அவர்கள் களியைத்தானே தின்னப்போகிறோம், இங்கே தின்றால் என்ன என்று எண்ணிக்கொண்டேன். மலைக்காரர்களுக்குக் கீழேயும் கொல்லைகள் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பசித்த வயிறு எல்லைக்கல்லைப் பார்க்காது போலிருக்கிறது. இரண்டு உருண்டை தின்றேன். ஏதோ ஒரு இலையைக் கசக்கி முட்டியில் வைத்துக் கட்டிவிட்டாள்.

அன்று ஏரிக்குள்தான் ஆட்டம். ஊரே கரைமேல் நின்றது. சாம்பலைத் தேய்த்துக்கொண்டு நான் கோட்டுக்குள் இறங்கினேன். எதிரே அவன், காதோரம் கொஞ்சம் நரைத்து, அதே ஒட்டிய வயிற்றோடு. அப்போது கரையிலிருந்து ஒரு குரல்:

“அய்யய்யோ! காத்தால எங்க களிய தின்னுட்டு இந்த பாய் அந்தப் பக்கமா நிக்கறாரு?”

களை எடுத்துக்கொண்டிருந்தவள். கையில் செம்புத் தண்ணீர், அவள் புருஷனுக்குக் கொண்டுவந்தது. அவள் புருஷன் எனக்கு எதிரே நின்றான்.

கூட்டம் ஒரேயடியாகச் சிரித்தது. பிறகு அடங்கிவிட்டது. சொன்னதன் பாரம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது போலும்; முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேனுங்க,” என்றாள்.

என்னைக் கூப்பிட்ட ஊர்ப் பெரியவர் பக்கத்தில் வந்தார். “தின்னீங்களா பாய்?”

“தின்னேங்க. உங்க கொல்லைன்னு நெனச்சேன்.”

அவர் சற்றே யோசித்தார். பிறகு என் தோளில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அன்பாகத்தான் சொன்னார்: “அட, அது பரவால்ல. காப்பு நம்ம ஆளுங்களுக்குத்தான. பாய்க்கு எந்தக் காப்பு? அவங்க சாமி வேற. அந்தக் கட்டு அவரச் சேராது. நீங்க நில்லுங்க பாய்.”

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். மலைக்காரர்களும் மறுக்கவில்லை. வழி திறந்துவிட்டது. அவன் நாலு முழ தூரத்தில் நிற்கிறான், அந்தக் கால் புழுதியில் ஊன்றியிருக்கிறது, என் கை ஏற்கெனவே வளைந்திருக்கிறது. நிற்கலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை.

ஆனால் தோள்மேல் இருந்த அந்தக் கை எனக்குக் கனத்தது. இத்தனை வருஷம் எத்தனை ஊர்க் களியைத் தின்று அந்தந்த ஊர் ஆளாக இருந்தேன். எந்தெந்த ஊருக்காகவோ மண்ணைக் கவ்வினேன். அந்தக் கட்டு என்னைச் சேராது என்றால் அதெல்லாம் என்ன? அவருக்காக நான் அங்கே நிற்கலாம். நின்றால், நின்ற எல்லா ஊரிலும் நான் விருந்தாளியாகத்தான் நின்றேன் என்று நானே ஒப்புக்கொள்கிற மாதிரி.

“தின்ன களி தின்ன களிதானுங்க,” என்றேன். நொண்டிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினேன்.

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. “உங்க இஷ்டம்” என்று திரும்பிக்கொண்டார். அந்த ஊர் என்னை மறுபடி கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் நின்ற மலைக்காரன்தான் விலகி இடம் விட்டான். “வாங்க பாய். இங்க என் காலு மட்டுந்தான் சும்மா கெடைக்காது, மத்ததெல்லாம் கெடைக்கும்.” சங்கிலியாக நிற்கும்போது அவன் கை என் கையில் இருந்தது. காய்த்துப்போன கை, என்னுடையதைப் போலவே.

அவன் பாடிப் போனபோது அவனைப் பின்னாலிருந்து முதல்முறையாகப் பார்த்தேன். இத்தனை நாளும் எதிரே நின்று வயிற்றையே பார்த்தவன் நான். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. திரும்புவதற்கு முன்பே, யாரும் தொடுவதற்கு முன்பே, குதிகாலை வெளிப்பக்கமாகத் தளர்த்தி வைத்துக்கொள்கிறான். பிடி விழும்போது கால் ஏற்கெனவே போய்விட்டிருக்கிறது. அண்டாவுக்குள் நான் நாள் முழுக்கத் திருப்புகிற அதே திருப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனி எதிரே நின்றால் அவனைப் பிடித்துவிடுவேன் என்று தெரிந்த அதே நேரத்தில், அடிவாரத்துப் பையன் ஒருவன் எங்கள் பக்கம் பாடி வந்தான். பாய்ந்தேன், பிடித்தேன், விடவில்லை. எழுந்திருக்க முயன்றபோது முழங்கால் எனக்குச் சொந்தமாக இல்லை.

ஆட்டத்தில் மலைக்காரர்கள்தான் ஜெயித்தார்கள். மிச்ச ஆட்டத்தை நான் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் முடிந்து சனம் கலைகிறபோது அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் மனைவி செம்பை நீட்டினாள். “என் வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்,” என்றாள் என்னிடம்.

“அவருக்கு என்னப் புடிக்கணும்னு ரொம்ப நாளு ஆச,” என்றான் அவன். பிறகு காலை என் முன்னால் நீட்டினான். “இந்தாங்க பாய். புடிச்சிக்கங்க. இன்னைக்கு உங்களுக்கு இல்லாததா?”

புழுதி படிந்த கணுக்கால். முட்டிக்குக் கீழே ஒரு பழைய தழும்பு. மெலிந்த கால்தான், இதற்கா இத்தனை வருஷம் என்று தோன்றியது. என் கை மடிமேல் கிடந்தது. நீட்டவில்லை.

“நீங்க பாடுறப்பதானுங்க அது காலு,” என்றேன்.

அவன் காலை இழுத்துக்கொண்டான். அவர்கள் இருவரும் ஆளுக்கு ஒரு தோள் கொடுத்து என்னைக் கரையிலிருந்து இறக்கினார்கள்.