தலை தூக்கும்வரை உடனிருந்த டாக்டர் ஸ்டெல்லா

1. நான், வே. பார்த்தசாரதி, வழக்கறிஞர், கோவிலம்பாக்கத்தில் குடியிருப்பவன், ராணி என்னும் நாயை வளர்ப்பவன்.

2. எங்கள் பகுதியின் கால்நடை மருத்துவர் டாக்டர் ஸ்டெல்லாவை அறிந்தவர்களுக்கு, நான் நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே இங்கே சொல்கிறேன்.

சென்ற வாரம் தாம்பரம் நீதிமன்ற வளாகத்தில் நின்றிருந்தபோது, அவருடைய உதவியாளர் குமார் தொலைபேசியில் அழைத்தார். "சார், எழுந்துக்கவே இல்ல சார்" என்றார். அறுவை மேசையில் ஏதோ ஓர் உயிர் போய்விட்டது என்றே எடுத்துக்கொண்டேன்.

"எந்த நாய்?" என்று கேட்டேன்.

மறுமுனையில் அவர் அழுதபிறகுதான் எனக்குப் புரிந்தது. மதிய உணவுக்குப் பின் கிளினிக்கின் பின்னறையில் சற்றுப் படுத்த டாக்டர், தூக்கத்திலேயே இறந்துவிட்டார். நோய் என்று எதையும் அவர் சொன்னதில்லை. இதை எழுதும் இந்த நேரத்திலும், வேறு யாரையோ பற்றி எழுதுவதாகவே தோன்றுகிறது.

முன்பு ஒருமுறை, ராணியின் அடிவயிற்றில் வந்த கட்டியை அகற்ற வேண்டியிருந்தது. வெறும் வயிற்றோடு அழைத்துவரச் சொல்லியிருந்தார் டாக்டர். சாப்பாடு கொடுத்தீர்களா என்று குமார் கேட்டபோது, இல்லை என்றாள் என் மனைவி கோமளா. மயக்க ஊசியைக் கையில் எடுத்த டாக்டர், கோமளாவின் கூந்தலில் இருந்த துளசியைக் கண்டு ஊசியைக் கீழே வைத்தார்.

"திருநீர்மலைக்குப் போனீங்களாம்மா? ராணி வாயில என்ன போச்சு?"

அறுவை நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கோயிலில் தந்த பொங்கலில் கொஞ்சம் ஊட்டியிருந்தாள் கோமளா. பிரசாதத்தைப் போய் யாராவது சாப்பாடு என்பார்களா என்று கேட்டாள். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கும், பிழைப்பது கடினம் என்று விளக்கிவிட்டு டாக்டர் சொன்னார்: "அது பிரசாதம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவ நுரையீரலுக்குத் தெரியாதேம்மா."

அறுவை வேறொரு நாளுக்குத் தள்ளிப்போனது. கோமளா பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்கு உண்மையைத்தான் சொன்னாள். அதன்பின் குமாரும் யாரிடமும் "சாப்பாடு" என்ற சொல்லைப் பயன்படுத்தியதில்லை. என்னைக் கண்டால், "சார், பெருமாள் குடுத்தது, பக்கத்து வூட்டு அக்கா குடுத்தது, எல்லாம் சேத்து சொல்லணும்" என்று சீண்டுவார்.

அறுவை நடந்த அன்று, தையல் முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டேன். "ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு சார். தூக்கம் முடியல" என்றார் டாக்டர். இதயத் துடிப்பைக் காட்டும் கருவி சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. இருந்தும் தரையில் அமர்ந்து, ராணியின் விலாவில் உள்ளங்கையை வைத்தபடி இருந்தார். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், அவர் திரும்பவில்லை. ராணி எச்சில் விழுங்கி, தலையைத் தூக்கி, கோமளாவைத் தேடிய பிறகே கையை எடுத்தார். "தூங்க வெச்சவங்க பக்கத்துல இருக்கணும் சார். அவ்வளவுதான் என் வேலை."

அவர் கடைசியாகத் தூங்கியபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. பின்னறைக் கதவைச் சாத்தியவர் குமார். யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக. "நான்தான சார் சாத்தினேன்" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அது குற்றமாகாது என்று சட்டம் தெரிந்தவனாகச் சொன்னேன். அந்தப் பதில் அவருக்குப் பயன்படவில்லை. உடலை எடுக்கும்வரை குமார் தரையில், டாக்டரின் கட்டிலருகே, எழாமல் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது ஒரு பழக்கம். பகலில் ராணி உறங்கினால், படித்துக்கொண்டிருக்கும் வழக்குக் கட்டை மூடிவிட்டு, அவள் விலா ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். இப்போது கோமளா கண்ணயர்ந்தாலும் பார்க்கிறேன். அறைக் கதவை நாங்கள் சாத்துவதில்லை.

மேற்கண்டவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

(ஒப்பம்) வே. பார்த்தசாரதி
கோவிலம்பாக்கம்

சாட்சிகள்:
கோமளா பார்த்தசாரதி
சு. குமார்