குணமான பிறகு வந்த பயம்

போன ஞாயிற்றுக்கிழமை மோகனூரில் ஒரு கல்யாணம். சாப்பிடப் போகும்போது சரசு அக்காவைப் பார்த்தேன். மண்டபத்தின் கடைசி வரிசையில், ஃபேன் காற்று எட்டாத மூலையில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மல்லசமுத்திரத்தில் எனக்குப் பக்கத்து வீடு, சரசு அக்கா. கணவர் போர்வெல் லாரி டிரைவர். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு என்று எல்லாம் பட்டு முடிந்தது. சில மாதங்களுக்கு முன்பு சேலத்தில் டாக்டர், “நல்லாயிடுச்சும்மா, இனி செக்கப்புக்கு மட்டும் வாங்க போதும்” என்று சொல்லிவிட்டார். அன்று துணைக்குப் போனது நான்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். இல்லை.

“இனி என்னன்னு சொல்றது கண்ணு?” என்றார்.

யாரிடம்? எதைச் சொல்ல? கேட்டேன், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் விசித்திரம். வீட்டில் துணி காயப்போடும்போது தலையில் துண்டு இருக்காது. முடி நன்றாகவே வளர்ந்திருந்தது. வெளியே கிளம்பினால் மட்டும் துண்டு ஏறிவிடும். நடை தளர்ந்துவிடும். கூடவே ஓர் இருமல்... அவருக்கு நோய் வந்தது நெஞ்சுக்குள் இல்லையே, இருமல் எதற்கு?

மண்டபத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே விட்டேன்.

“ஏனுங்கக்கா, நல்லாத்தானே இருக்கறீங்க? இதெல்லாம் எதுக்குங்க?”

அக்கா சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

“நோவாளிகிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க கண்ணு. நல்லாயிட்டேன்னு தெரிஞ்சா கேப்பாங்கல்ல? தனத்தோட நகை இன்னும் பேங்க்குலதான் கெடக்குது. தை மாசம் அவ புள்ளைக்குக் கல்யாணம்.”

தனம் அவருடைய தங்கை. அரசுக் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்தது. ஸ்கேனுக்கு, ஊசிக்கு, வாடகைக் காருக்கு, கணவர் வேலைக்குப் போகாத நாட்களுக்கு? அப்போது அடகு வைக்க ஆரத்தையும் வளையல்களையும் கழற்றிக் கொடுத்தவர் தனம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தனம் வந்துவிட்டார்.

“இந்தப் புழுக்கத்துல துண்டெதுக்குக்கா?” என்று சொல்லிக்கொண்டே அதை உருவிவிட்டார். உள்ளே சுருள் சுருளாக முடி. தனம் அதைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“நெசமாவே நல்லாயிட்டயாக்கா?”

“டாக்டரு அப்படித்தான் சொல்றாரு.”

பிறகு தனம் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

“அப்ப... தைக்குள்ள நகையத் திருப்பீரலாமாக்கா? உங்கிட்டக் கேக்க எனக்கு வாயே வரல. ஊட்டுல அவரு தெனமும் கேக்கறாரு.”

எழுந்து போய்விடலாமா என்றிருந்தது எனக்கு. அக்கா உடைந்துவிடுவார் என்று பயந்தேன். ஆனால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தைக்குள்ள வளையல் மட்டும் திருப்பித் தாரேன் தனம். ஆரம் அடுத்த வருசந்தான் முடியும். நானும் வேலைக்குப் போகப் போறேன்.”

தனத்தின் முகம் வாடிப்போனது. ஆனாலும், “செரிக்கா, அடுத்த வருசமே குடு. அவருகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்று அக்காவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? பந்தியில் அக்கா பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். இருமலைக் காணோம்.

எனக்குக் குழப்பம் தாங்கவில்லை. பஸ் ஏறியதும் கேட்டேன். “இதுக்குப் பயந்துதானே இத்தன நாளா ஒளிஞ்சீங்க?”

“ஆமா கண்ணு. ஆனா அவ கேக்காம இருந்ததும் ஒரு பக்கம் அறுத்துட்டே இருந்துச்சு. பொழைக்க மாட்டேன்னு நெனச்சுத்தான் கேக்கலையோன்னு... இன்னைக்கு அடுத்த வருசம்னு சொன்னேன். அப்ப நான் இருப்பேன்னு நம்பித்தானே செரின்னுட்டா, பாத்தியா?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்த மாதிரி இருந்தது.

தை மாதக் கல்யாணத்தில் மகளுக்குத் தனம் என்ன போடப்போகிறார்? அவருடைய கணவர் என்ன சொல்லப்போகிறார்? வேலைக்குப் போக அக்காவுக்கு உடம்பு ஒத்துழைக்குமா? எதுவும் தெரியவில்லை. இதற்குச் சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்பதும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிகிறது... டாக்டர் கொடுத்த ஆயுளை நம்பாதவர், தங்கை கொடுத்த தவணையை நம்பிவிட்டார்.