சட்டியிலிருந்து நேரே தட்டுக்கு

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். உயரமான கட்டடங்களில் பாதி வழியில் நின்றுபோகும் லிஃப்டுகளைச் சரிசெய்வது அவர் பிழைப்பு. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். இவர் கதவிடுக்கில் வாயை வைத்து, ஒன்றும் ஆகாது, நான் இங்கேயேதான் இருக்கிறேன் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். முன்பின் தெரியாதவர்களிடம் அத்தனை இதமாகப் பேசுகிற மனுஷன், தன் சொந்த விஷயம் என்று வந்துவிட்டால் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வார். அப்படி ஒரு பிறவி.

மகளுக்குக் குழந்தை பிறந்தது. மகள் இருப்பதோ விமானம் ஏறிப் போகவேண்டிய தூரத்தில். மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போன மனைவி, அந்தக் குழந்தை தவழ்ந்து, நடந்து, வீட்டில் எல்லோரையும் அதட்டத் தொடங்கிய பிறகும் வரவில்லை. அவள்மேல் குற்றமில்லை. அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா என்று மகள் கேட்கும்போதெல்லாம், எனக்கென்னம்மா குறைச்சல், ராஜா மாதிரி இருக்கேன் என்று இவர்தான் அளந்துவிடுவார். ராஜா ஹோட்டல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, டிவி முன்னால் உட்கார்ந்து, என்ன ஓடுகிறது என்றே தெரியாமல் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

அன்று சனிக்கிழமை. காலையிலேயே மகள் அழைத்திருந்தாள். அலுவலகத்தில் அவளைத் திரும்பி வேலைக்கு வரச் சொல்கிறார்களாம். அம்மாவுக்கு அடுத்த மாதம் போட்டிருக்கும் டிக்கெட்டை அடுத்த வருஷத்துக்கு மாற்றலாமா என்று கேட்டாள். அம்மாவைக் கேட்டால் அப்பா இஷ்டம் என்கிறாளாம். சாயங்காலம் யோசித்துச் சொல்கிறேன் என்று இவர் போனை வைத்தார். யோசிக்க என்ன இருக்கிறது? போதும், வந்துவிடு என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவளுக்குப் பேரக்குழந்தையோடு இருக்கத்தான் ஆசையோ என்னவோ, நாம் எதற்குக் குறுக்கே நிற்க வேண்டும் என்று அதன் வாயைப் பொத்திவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

மனைவி இருந்தவரை, சனிக்கிழமை என்றால் அந்த வீட்டில் பொரித்த மீன். அவர் கை கால் எல்லாம் கிரீஸோடு மாடி ஏறும்போதே வாசனை வந்து கூப்பிடும். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், சட்டியிலிருந்து நேரே தட்டுக்கு ஒவ்வொரு துண்டாக வந்து விழும். அந்த நினைப்பு அன்று அவரைப் பாடாய்ப் படுத்தியது. திரும்பும் வழியில் கால்கள் தானாக மீன் கடைக்குப் போயின.

வீட்டுக்காரம்மா வந்துவிட்டார்களா என்று மீன்காரம்மா கேட்டாள். இல்லை, நானேதான் பொரிக்கப் போகிறேன் என்றார்.

"நீங்களா? அப்ப ரெண்டு துண்டு கூடவே வாங்கிக்கங்க, கருக்குறதுக்கு."

கூடவே வாங்கிக்கொண்டார். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. மனைவி செய்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார், அதாவது பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். மிளகாய்த்தூள் எந்த டப்பா என்று தேடவே பெரும்பாடாகிவிட்டது. மசாலாவைத் தடவி ஊறவைத்துவிட்டு, இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் முதல் துண்டைப் போட்டார். பொறுமையில்லாமல் கரண்டியை விட்டுக் கிளறியதில் தோலும் மசாலாவும் சட்டியோடு நின்றுகொள்ள, வெள்ளைச் சதை மட்டும் பிய்ந்து வந்தது. மீன்காரம்மா வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது.

அப்போதுதான் அவருக்கு ஒன்று நினைவு வந்தது. மீன் பொரிக்கும்போது மனைவி குழாயை நிறுத்தச் சொல்வாள், டிவியைக் குறைக்கச் சொல்வாள். எண்ணெய் தெறிக்கிற எரிச்சலில் கத்துகிறாள் என்று இவர் நினைத்திருந்தார். அதுவல்ல, அவள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மீன் எண்ணெயில் விழுந்ததும் ஓங்கிக் கத்தும். ஈரம் வற்ற வற்றக் குரல் இறங்கும். நன்றாக இறங்கிய பிறகு திருப்பினால் துண்டு தானாக விட்டுக்கொடுக்கும். மோட்டார் உறுமுவதை வைத்தே எந்தப் பாகம் கெட்டது என்று சொல்கிற ஆளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். அடுத்த துண்டைக் காதால் கேட்டுத் திருப்பினார். பொன்னிறமாக, ஓரம் மொறுமொறுவென்று, அச்சு அசல் அவள் பொரித்தது போலவே வந்தது.

அதைத் தட்டில் போட்டு, சட்டியில் வேறு இரண்டு துண்டுகளை இட்டுவிட்டு, மேசைக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்ததும் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாய் எடுப்பதற்குள் உள்ளே சத்தம் இறங்கியது. ஓடிப்போய்த் திருப்பினார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். எல்லாவற்றையும் பொரித்து முடித்து நிம்மதியாக உட்கார்ந்தபோது தட்டில் இருந்தது ஆறி, எண்ணெய் ஊறி, தொய்ந்து கிடந்தது.

கையைத் தட்டிலேயே வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பொரித்த மீனைச் சுடச்சுடத் தின்ன வேண்டுமானால் வீட்டில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நிற்க வேண்டும், ஒருவர் உட்கார வேண்டும். இந்த வீட்டில் உட்கார்ந்தது எப்போதும் இவர்தான். அவள் கல்யாணமாகி வந்த நாள்முதல் ஆறின மீனைத்தான் தின்றிருக்கிறாள். ஒருநாள் கூட அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. இவருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

போன் அடித்தது. மனைவிதான். என்ன சாப்பாடு என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். மீன் பொரித்தேன் என்றார். அவளால் நம்ப முடியவில்லை. ஒட்டிக்கொண்டதா, கருகியதா, உப்பு சரியாக இருந்ததா என்று அடுக்கிக்கொண்டே போனாள். கருகிவிட்டது என்று ஒரு பொய் சொன்னால் போதும், பதறிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அது அவருக்கு நன்றாகத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நல்லா வந்துருக்கு. நீ பண்ற மாதிரியே."

"அப்ப சரிங்க. இனிமே நான் இல்லாட்டியும் நீங்க சமாளிச்சுக்குவீங்க" என்றாள். சந்தோஷமாகச் சொல்லத்தான் பார்த்தாள். குரல் ஒத்துழைக்கவில்லை. அந்தக் குரல் இறங்கியதை அவர் கேட்டார்.

"இல்ல, என்னால முடியல" என்றார். "நீ வந்துடு. இனிமே சனிக்கிழமை நான் நின்னு பொரிக்கிறேன். நீ உட்கார்ந்து சூடா சாப்பிடு."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு போனைக் கையால் மூடாமலேயே, அந்த அறையில் இருந்த மகளிடம் சொன்னாள்.

"டிக்கெட்டை மாத்தாதடி. உங்கப்பா கூப்பிட்டுட்டாரு."