அக்காவின் கால்குலேட்டர் மூடி

என் பெரியப்பா மகள் எனக்கு மூன்றே மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்துக்காக ஆயுள் முழுக்க அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று வீட்டில் தீர்ப்பாகியிருந்தது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், பிறகு தஞ்சாவூரில் ஒரே பாலிடெக்னிக், ஒரே சிவில் வகுப்பு. காலையில் ஒரே பஸ்ஸில் ஏறினாலும் அவளுக்கு சீட் கிடைக்கும், எனக்குக் கம்பிதான். இதெல்லாம் அவள் தப்பில்லை என்று இப்போது எழுத முடிகிறது. அப்போது எல்லாமே அவள் தப்புதான்.

முதல் வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கால்குலேட்டர். என் மாமா படித்த காலத்தில் வாங்கியது, எட்டாம் நம்பர் பட்டனில் எட்டு தேய்ந்துபோயிருக்கும். திரிகோணமிதிக் கணக்கில் செக், காசெக், காட் என்று மூன்று வந்தன. பட்டன் தேடினோம், மூன்றுமே இல்லை. காஸ் பட்டனுக்கு மேலே மைனஸ் ஒன்று போட்டு மஞ்சளில் ஒன்று இருந்தது. அதுதான் செக்காக்கும் என்று ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் எர்ரர் என்றது.

வழியைக் கண்டுபிடித்தவள் நான். அழுத்திச் சொல்கிறேன், நான்தான். அறுபது, காஸ், அப்புறம் எண்ணைத் தலைகீழாக்கும் பட்டன். இரண்டு என்று வந்தது. புத்தக அட்டவணையிலும் செக் அறுபதுக்கு இரண்டுதான் இருந்தது. காஸைத் தலைகீழாக்கினால் செக், சைனைத் தலைகீழாக்கினால் காசெக், டேனைத் தலைகீழாக்கினால் காட். அவ்வளவுதான் விஷயம். மறுநாள் வகுப்பில் சார் கேட்டபோது அவள் எழுந்து சொன்னாள். "ரெண்டு பேருமா கண்டுபிடிச்சோம் சார்" என்றுகூடச் சொன்னாள். சார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

இரண்டாம் வருஷம் பெரியப்பா அவளுக்குப் புது கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்தார். பெரிய திரை, பளபளவென்று பட்டன்கள், மேலே நழுவிப் பொருந்துகிற கறுப்பு மூடி. மூடியில் அவள் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பு நகப்பாலிஷால் எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு பூ வேறு. எனக்கு வயிறு எரிந்தது. பழைய கால்குலேட்டர் இனி எனக்கே எனக்கு என்று ஆனதில் ஒரு சொட்டு சந்தோஷம்கூட வரவில்லை.

கடைசி வருஷ சர்வே பிராக்டிகலில் முதலாவதாக வருகிறவருக்கு, எங்கள் ஊர்ப் பக்கம் ஆற்றங்கரை வேலை எடுத்திருந்த கான்ட்ராக்டரிடம் பயிற்சிக்கு ஓர் இடம் உண்டு என்று சார் சொல்லியிருந்தார். இருப்பது ஒரே இடம். அது கிடைக்காவிட்டால் திருப்பூரில் சித்தி வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்குக் கரையில் நின்று கருவியில் கண்ணை வைத்துப் பார்க்கிற வேலைதான் வேண்டும். அதைவிட, அவளுக்குக் கிடைக்கக் கூடாது.

பரீட்சைக்கு முதல் நாள் அவளிடம், "அக்கா, வெயில்ல என்னோடதுல எழுத்தே தெரியாது. நாளைக்கு மாத்திக்கலாமா?" என்று கேட்டேன். எழுத்து தெரியும். அந்தப் புதுசு என் கையில் இருந்தால் முதலிடமும் என் கைக்கு வரும் என்று ஒரு நினைப்பு. அவள் யோசிக்கக்கூட இல்லை. "அதுக்கென்னடி" என்றாள். மறுநாள் பஸ்ஸில் நீட்டினாள், வாங்கிக்கொண்டேன். பரீட்சை வைத்திருந்த இடம் புது ஆறு என்கிற கால்வாயின் கரை. அங்கே இறங்கியதும் முதல் வேலையாக மூடியைக் கழற்றிப் பையின் அடியில் போட்டேன். அவள் எழுத்தையும் பூவையும் பார்த்து நாலு பேர் 'உங்க அக்காவோடதா?' என்று கேட்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது.

எனக்கு வந்தது கரைச் சரிவுக் கணக்கு. கரை இருபத்தாறு டிகிரி சாய்வு, படுக்கைவாட்டில் பன்னிரண்டு மீட்டர். சரிவில் கல் பதிக்க எவ்வளவு நீளம் என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டை செக் இருபத்தாறால் பெருக்கினால் விடை. அந்தப் புதுசில் காஸை முதலில் அழுத்த வேண்டும். அழுத்தினேன், அதுவே ஓர் அடைப்புக்குறியைத் திறந்துகொண்டது. இருபத்தாறு போட்டேன், தலைகீழ் பட்டனை அழுத்தினேன், ஈக்குவல். சைபர் புள்ளிக்குப் பின்னால் ஆறு ஒன்பதுகள். ஏறக்குறைய ஒன்று. எவ்வளவு துல்லியமான மெஷின் என்று பூரித்துப்போய்ப் பன்னிரண்டு மீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன்.

வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் தாளைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, சரிவும் பன்னெண்டு, படுக்கையும் பன்னெண்டா? உங்க ஊர்ல கரையெல்லாம் வயலாட்டம் மட்டமா இருக்குமோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. தன் கணக்கை மாமாவின் பழைய கால்குலேட்டரில் போட்டு, சரியாக எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த இடம் அவளுக்குத்தான் போகும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

வேண்டுமென்றே ஆகாத மெஷினை என் தலையில் கட்டிவிட்டாள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, பஸ் ஸ்டாண்டில் திருப்பிக் கொடுப்பதற்காக மூடியை எடுத்தேன். உட்பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்து. "பழசு மாதிரி இல்லடி. காஸ் போட்டு, டிகிரி போட்டு, அடைப்புக்குறியை மூடிட்டு அப்புறம் தலைகீழாக்கு. மூடலைன்னா டிகிரியத் தலைகீழாக்கிடும். செக் ஒண்ணுக்குக் கீழ வந்தா தப்புன்னு தெரிஞ்சுக்க."

தண்ணீர் வாங்கப் போயிருந்தவள் திரும்பி வந்தாள். என் கையில் மூடியைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"உள்ள எழுதியிருந்தேனே, பாக்கலையா? வாயால சொன்னா நீ மூஞ்சியத் தூக்கிக்குவேன்னுதான் எழுதி ஒட்டினேன்."

பார்க்கவில்லை என்றால் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பாள். அவள் எழுத்தை மறைக்கத்தான் மூடியைக் கழற்றினேன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

"பாத்தேன்க்கா. பாத்தும் புரியல" என்றேன்.

திருப்பூரில் நான்கு வருஷம் இருந்தேன். அவள் இன்றைக்கும் கரை வேலையில்தான் இருக்கிறாள், சூப்பர்வைசராக. பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருந்தபோதுகூட அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கு நான் உனக்குப் புரியற மாதிரி எழுதியிருக்கணும்டி. எம்மேலதான் தப்பு."

ஆமாம்க்கா என்று தலையை ஆட்டினேன்.